சினை ஊசிக்காரரின் இரண்டாவது நோட்டு

அவர் யாரையும் முதலில் முகத்துக்கு நேராகப் பார்த்ததில்லை. பின்னால் நின்று பார்ப்பார். இடுப்பு, கால், நடை. பிறகு பக்கவாட்டில் வந்து பல். முகத்துக்கு வருவது கடைசியில்தான். மாட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், 1997 வரைக்கும்.

எரியோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. 1989-இல் எங்கள் பக்கம் வந்தார். 2004-இல் ஓய்வு பெற்றுப் போனார். மொபெட்டின் முன்னால் ஒரு நைட்ரஜன் கேன். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை எழும். அந்தப் புகைக்குள் கையை விட்டு, சீமைக் காளைகளின் விந்து உறைந்திருக்கும் மெல்லிய குச்சியொன்றை இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் செத்த நேரம் வைப்பார். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அதனால் பேச்செல்லாம் 'ங்க' போட்டுத்தான். எவ்வளவு கொடுமையான விஷயத்தையும் அந்த மரியாதையோடு சொல்லக்கூடியவர். திட்டினால் திருப்பித் திட்ட மாட்டார். இதனாலேயே அவரோடு சண்டை போடுவது சிரமம்.

2007-இல் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். துக்கத்துக்குப் போகவில்லை. பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் மரியாதை அல்ல. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு மனிதனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டால் அது அவன் பிள்ளைகள் வரைக்கும் போய்ச்சேரும் என்பதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் 'ரகம்'. நல்ல ரகம், கெட்ட ரகம், ரகத்தை உயர்த்துவது. இன்னொரு சொல் 'கழிக்கிறது'. பால் குறைந்த மாட்டை, நோஞ்சான் கன்றை, கால் கோணலான கிடாரியைக் கழித்துவிட வேண்டும். "குறையை வளர விடக்கூடாதுங்க" என்பார். மாட்டு விஷயத்தில் இதைக் கேட்ட யாரும் முகம் சுளிக்கவில்லை. பண்ணையம் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த நியாயம்தான்.

ஆனால் மாட்டு விஷயத்திலேயே அவர் எப்படிப்பட்டவர் என்பதை 1994-இல் நான் கண்ணால் பார்த்தேன். வெள்ளையம்மா என்று ஒரு அக்கா, புருசனை இழந்தவர், ஒற்றை நாட்டுப் பசுவை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்துவந்தார். குட்டையான பசு. அதற்கு இவர் பெரிய சாதிச் சீமைக் காளையின் குச்சியைப் போட்டார். ஒரே தலைமுறையில் ரகத்தை உயர்த்திக் காட்டுகிறேன் என்று பேச்சு வேறு. பத்தாம் மாதம் கன்று வெளியே வர இடமில்லை. ஆறு பேர் கயிறு கட்டி இழுத்தோம். கன்றும் போயிற்று, உச்சிப்பொழுதில் பசுவும் போயிற்று.

வெள்ளையம்மா அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏப்பா டாக்டரு, வயித்தப் பாத்து வித்துப் போட வேணாமா? நாழி அரிசிப் பானையில எட்டு நாழி அரிசியக் கொட்டுனா என்னாகும்?"

"நல்ல ரகம்ங்க அக்கா. உங்க மாடுதான் தாங்கல."

"ஓகோ. செத்தது எம்மாடு, தப்பும் எம்மாட்டு மேலயா?"

அவர் நோட்டை எடுத்தார். எந்தப் பசு, எந்தக் காளை எண், ஊசி போட்ட நாள், ஈன்ற நாள், விளைவு என்று கட்டம் கட்டி எழுதும் நோட்டு அது. விளைவு என்ற கட்டத்தில் அவர் எழுதியதை அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'தாய்ப்பசு குறுகல்.' அவ்வளவுதான். காளையைப் பற்றியோ, குச்சியைத் தேர்ந்தெடுத்த கையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நானும் 1983 முதல் ஊர் நடப்புகளைத் தேதி போட்டு எழுதிவருகிறவன். ஒரு பதிவு பொய் சொல்லாமலே எப்படிப் பொய் சொல்லும் என்பதை அன்று பார்த்தேன்.

அவரிடம் இரண்டாவதாக ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை. அது மாட்டு நோட்டு இல்லை என்பது எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கும் முன்னால் அந்த வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். யாரிடம் விசாரிப்பது? எல்லா வீட்டுக்கும் போய்வருகிறவனிடம். முன்பு அது துணி வெளுக்கிறவராகவோ தபால்காரராகவோ இருந்திருக்கலாம். 1990-களில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லா வீட்டு மாட்டுக் கொட்டத்துக்குள்ளும் நுழையும் உரிமை சினை ஊசிக்காரருக்குத்தான் இருந்தது. வீட்டின் முன்பக்கத்தை விருந்தாளிக்குக் காட்டுகிறோம். பின்பக்கத்தை அவர் பார்த்துவிடுவார். யார் மூலையில் படுத்திருக்கிறார்கள், யாருக்கு வலிப்பு வருகிறது, எந்தப் பிள்ளைக்கு ஆறு விரல். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பிறகு, மறந்துவிடக் கூடாது என்று எழுத ஆரம்பித்தார். பயிற்சியில் கற்ற முறைப்படி ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குறை உள்ளவருக்கு உள்ளே முழுக்கக் கறுப்பு மை. குறை உள்ளே மறைந்திருக்கிறது என்று அவர் நினைத்தால் பாதிக் கறுப்பு.

இதற்கு அவர் காசு வாங்கியதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சேவை என்று மனதார நம்பினார். எனக்கு அதுதான் அதிக பயம்.

1997 பிப்ரவரி கடைசியில், வெளிநாட்டில் ஒரு ஆட்டை அச்சு அசலாக நகலெடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அந்த வாரமே அந்தப் படத்தைக் கத்தரித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்கு வந்தார். சனிக்கிழமை, நான் நாகல் நகரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக வேலை. பக்கத்தில் எங்கள் தாய்மாமன் சவரி மாமா உட்கார்ந்திருந்தார்.

மாமாவுக்குக் காது கேட்காது. ஏழு வயதில், இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. அதுவரை கற்ற சொற்கள் மட்டும் அவரிடம் அப்படியே இருந்தன. ஐம்பதை நெருங்குகிற மனிதர் ஏழு வயதுப் பிள்ளையின் சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். சோறு, தண்ணி, சேசுவே, மணி, பயம். வாத்தியார் பலகையில் பெருக்கல் குறி போட்டுச் சொல்லும் 'தப்பு'. சீட்டாட்டத்தில் யாராவது ஏமாற்றினால் மாமா அந்தச் சொல்லைத்தான் எடுப்பார், கணீரென்று. அப்புறம் 'ஆட்டுக்குட்டி'. காய்ச்சலுக்கு முந்தின கிறிஸ்துமசுக்குக் கோயில் நாடகத்தில் இடையனாக வந்து சொன்ன சொல்.

ஊசிக்காரர் படத்தை உயர்த்திப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஆடு. நாளைக்கு மனுசன்தானுங்க. கருவுல இருக்கும்போதே குறையப் பாத்துத் திருத்திப்போடுவாங்க. குருடு, செவிடு, நொண்டி ஒண்ணும் பொறக்காது. மாட்டுக்குப் பாக்கறம், மனுசனுக்குப் பாக்க வேண்டாமுங்களா?"

டீ வாங்க வந்திருந்த வெள்ளையம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"ஆரக் கேட்டுத் திருத்துவாக?"

"டாக்டருங்கதானுங்க."

"உன்னயப் போல டாக்டரா?"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாமா எழுந்து, படத்தைத் தொட்டு, "ஆட்டுக்குட்டி!" என்றார். அவ்வளவு தெளிவாக. ஊசிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மாமாவின் காதுக்கருகே கொண்டுபோய்ப் பட்டென்று தட்டினார். மாமா திரும்பவில்லை. கடைக்காரர் திரும்பினார், நாய் திரும்பியது.

"உங்க அம்மாவோட கூடப் பொறந்தவருங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆமாம் என்றேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு 'ஆமாம்' அன்று சாயங்காலமே நீல அட்டை நோட்டில் ஏறியிருக்க வேண்டும்.

என் தங்கை சகாயராணிக்கு அப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்கவும் என்று. தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். சகாயம் பெயர் கோயில் முழுக்க ஒலித்தது. அம்மா புதுச்சேலை கட்டியிருந்தாள். இரண்டாம் ஞாயிறு அந்தப் பெயர் வாசிக்கப்படவில்லை. பூசை முடியுமட்டும் ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் 'பையனுக்கு இப்போ வேணாமாம்' என்று சொல்லியனுப்பினார்கள். உண்மையைத் தரகர்தான் சொன்னார்.

"ஊசிக்காரரு நோட்ட விரிச்சுக் காட்டிட்டாரு அப்பு. ஒங்க மாமன் சதுரம் பூராக் கறுப்பு. ஒங்கம்மா பாதிக் கறுப்பு. தங்கச்சி வட்டத்துல கேள்விக்குறி. மாப்பிள்ளையோட அப்பா அதப் பாத்துட்டு டீயக்கூடக் குடிக்கல."

நான் தேதிகளை நம்புகிறவன். மாமா படித்த பள்ளிக்குப் போய் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடினேன். 1955-இல் இரண்டாம் வகுப்பு, வாய்மொழிப் பாடத்தில் தேர்ச்சி; அடுத்த ஆண்டு, 'நோய் காரணமாக நீக்கம்'. காது கேளாத பிள்ளை வாய்மொழியில் எப்படித் தேர்ச்சி பெறும்? பிறவிக் குறை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? படியெடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். ஒரு கொட்டத்தில் இருந்தார். தோள்வரை உறை மாட்டிய கை பசுவுக்குள் இருந்தது.

"கைய எடுக்க முடியாதுங்க தம்பி. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"காய்ச்சல் எல்லாத்துக்கும் வருதுங்க. எல்லாத்துக்குமா காது போவுது? போற வாகு ரத்தத்துல இருந்திருக்கு. காய்ச்சல் வந்து தட்டி எழுப்பியிருக்கு."

"அப்ப உங்க கண்ணாடி சார்?" அவர் போட்டிருந்தது சோடாப்புட்டிக் கண்ணாடி.

"இது படிச்சுப் படிச்சு வந்ததுங்க."

"உங்க அப்பாவும் இதே மாதிரி போட்டிருந்தாராமே?"

"அவரும் படிச்சவருங்க."

மாட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் அந்தக் கறுப்பை அடித்துத் திருத்துங்கள் என்றேன். காரணத்தை எழுதி, தேதி போடுங்கள் என்றேன்.

"ஒரு எடத்துல அடிச்சா நோட்டு மேல இருக்கற நம்பிக்கையே போயிருமுங்க."

"என் தங்கச்சி கல்யாணம் நின்னுபோச்சு சார்."

"நான் நிறுத்தலீங்களே. உங்க கோயில்லயே கேக்கறாங்களாமே, தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. தெரிஞ்சதச் சொன்னேன்."

கையை உருவி, உறையைக் கழற்றி, வாளித் தண்ணீரில் கழுவினார். "பாருங்க தம்பி, இன்னும் நாப்பது அம்பது வருசம். இந்த நோட்டே தேவைப்படாது. கறுப்ப எல்லாம் கருவுலயே அழிச்சுருவாங்க" என்றார். முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

அழிக்கும் கையைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. கடந்த நூற்றாண்டில் படித்த நாடுகளே மக்களை ரகம் பிரித்து, வேண்டாதவர்கள் என்று முடிவு செய்தவர்களைப் பிள்ளை பெறமுடியாதபடி செய்ததை நான் படித்திருக்கிறேன். அங்கேயும் முதலில் பட்டியல்தான் வந்தது. பட்டியல் எழுதியவர்களும் இவரைப் போலவே கண்ணியமானவர்களாக, காசு வாங்காதவர்களாக இருந்திருப்பார்கள்.

இரண்டு வருடம் வெளியிலிருந்து ஒருவரும் சகாயத்தைப் பெண் கேட்டு வரவில்லை. நோட்டு எங்களுக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போயிருந்தது. கடைசியில் 1999-இல் எங்கள் அம்மா வழி முறைப்பையனுக்கே கொடுத்தோம். அவன் நல்லவன்; அதில் குறையில்லை. ஆனால் சொந்தத்துக்குள் கொடுப்பதில்தான் மறைந்த குறை வெளிவரும் வாய்ப்பு அதிகம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அவரும் அதைத்தான் ஊர் ஊராகச் சொன்னார். குறையை வளர விடக்கூடாது என்றவர் எங்களை நெட்டித்தள்ளிய இடம் அதுதான்.

அவரைப் பற்றி ஒரு நல்ல விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடிக்காது என்பதற்காக விட்டுவிட முடியாது.

அந்தோணி என் பள்ளித் தோழன். நிலக்கோட்டையில் மல்லிகை போட்டிருந்தான். அவன் மகளுக்கு, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். பிறவியிலேயே. மாதாமாதம் மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டும். அவளுடைய ரத்த வகை எளிதில் கிடைக்காதது. எனக்கு அதே வகை. 2000 ஜூன் கடைசியில் அந்தோணி அழைத்ததும் பேருந்து ஏறினேன். ரத்தம் கொடுக்கிற கட்டிலில் படுத்துத் திரும்பிப் பார்த்தால், அடுத்த கட்டிலில் ஊசிக்காரர்.

அவருக்கும் எனக்கும் ஒரே வகை ரத்தம். அன்றைய என் குறிப்பில் இந்த வரியை மட்டும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

அந்தோணியின் மனைவிக்கு எங்கள் பக்கத்து ஊர். அவள் பிறந்த வீட்டில் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டு, ஊசிக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து கொடுத்திருக்கிறார். நான்கு வருடமாக. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் மனித உடம்பின் மரபுச் செய்தி முழுவதையும் ஏறக்குறையப் படித்துவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் வந்திருந்தது. கத்தரித்த தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"ஏனுங்க தம்பி, படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"இந்தப் பொண்ணுக்கு எங்கியோ ஒரு எழுத்துத் தப்பு. அத மாத்தலாம்னு ஒரு காலம் வந்தா, வேண்டாம்னு சொல்லுவீங்களா?"

கதவருகே அந்தோணி நின்றிருந்தான். இடுப்பில் மகள். அவள் கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பே கிடைக்காமல் போயிருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

"அப்பறம் எங்கிட்ட என்னங்க சண்டை?"

"மாத்துற கையில உங்க நோட்டு இருக்கக்கூடாது, அதான் சண்டை. ரத்தம் ஏத்தாட்டி இந்தப் புள்ள செத்துப்போகும். எங்க மாமா காது கேக்காம சீட்டாடுறாரு. ரெண்டுக்கும் ஒரே மைதானா சார்?"

அவர் கட்டிலுக்குக் கீழே தன் ரத்தம் நிரம்பிக்கொண்டிருந்த பையைப் பார்த்தார்.

"கோடு எங்க போடுவீங்க தம்பி? நீங்க ஒரு எடத்துல போடுவீங்க. உங்க பேத்தி அத அழிச்சுப்போட்டுத் தள்ளிப் போடுவா. மொதல்ல நோயி. அப்பறம் காது. அப்பறம் கலரு, ஒசரம். நல்ல புள்ள வேண்டாம்னு எந்தத் தாய் சொல்லுவா?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. நல்ல சேதி போலச் சொன்னார்.  அதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தோணிதான் வாய் திறந்தான்.

"சார், எம்மக பொழைக்கணும். அம்புட்டுத்தேன். அவ வேற புள்ளையா மாற வேணாம்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே," என்றார் ஊசிக்காரர். அவருக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை. அந்தோணி மகளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனான். எங்கள் இரண்டு பேர் ரத்தமும் அன்று அந்தப் பிள்ளைக்கு ஏறியது.

இனி 2003. நான் அன்று அங்கே இல்லை. சகாயம் சொன்னதை அந்த வாரமே எழுதிவைத்தேன். பிறகு அவள் கணவனிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

சகாயத்தின் வீடும் அவர் சரகத்துக்குள்தான் இருந்தது. அம்மா இறந்தபின் சவரி மாமா அவளோடு இருந்தார். பசு பருவத்துக்கு வந்து காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. வேறு ஊசிக்காரர் கிடையாது. ஒரு நாள் தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அவள் கணவன்தான், சகாயத்திடம் கேட்காமல், ஆளனுப்பிவிட்டான்.

வந்தார். கேனை இறக்கினார். சகாயத்தை அடையாளம் தெரிந்துகொண்டார். "நல்லா இருக்கறயாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். மாமா பசுவின் தலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகைக்குள்ளிருந்து குச்சியை எடுத்து வெந்நீர்த் தம்ளரில் போட்டுவிட்டு, அது இளகும்வரை சும்மா நின்றவர் முற்றத்தைப் பார்த்தார். சகாயத்தின் மகள், மூன்று வயது, முதுகைக் காட்டி உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாக நடந்து குழந்தையின் பின்னால் போய் நின்றார். அவளுக்குத் தெரியாமல் குனிந்தார். இரண்டு கையையும் அவள் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பட்டென்று தட்டினார்.

குழந்தை திடுக்கிட்டுத் திரும்பி, வீறிட்டு அழுதது. கொட்டைகள் சிதறின.

"கேக்குதுங்க!" என்றார், கணவனைப் பார்த்துச் சந்தோஷமாக. "சொந்தத்துலயே குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டனா, எனக்கு மனசுல உறுத்திட்டே இருந்தது." நீல அட்டை நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். சகாயத்தின் வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, ஒரு சின்ன வட்டம் போட்டார். பிறகு பேனாவைச் சாய்த்து அந்த வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கத் தொடங்கினார்.

"கேக்குதுன்னு சொன்னீகளே, சார்?" என்றாள் சகாயம்.

"இவளுக்குக் கேக்குதும்மா. உள்ளுக்குள்ள நிக்கும். இவ புள்ளைக்கு வரலாம். எழுதி வச்சாத்தான நாளைக்குத் திருத்தறவனுக்குத் தெரியும்?"

அப்போதுதான் பசு கொட்டத்திலிருந்து வெளியே வந்தது. மாமா கயிற்றை விட்டுவிட்டிருந்தார். தட்டிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் இரண்டு கை ஒரு பிள்ளையின் தலைக்குப் பின்னால் கூடியதைப் பார்த்தார். அந்தக் கைகளை அவருக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வருடமாக, ஊர் முழுக்க, யார் யாரோ, அவர் தலைக்குப் பின்னால் தட்டியவைதான். அவர் திரும்பாமல் போகும்போதெல்லாம் சுற்றி நின்றவர்கள் தலையாட்டிக்கொண்டதை, எப்போதாவது தற்செயலாகத் திரும்பி அவர் பார்த்திருக்கிறார்.

மாமா நேராக வந்தார். குழந்தையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார். மற்றொரு கையின் விரலை நோட்டில், மை காயாத சின்ன வட்டத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

"தப்பு," என்றார்.

வாத்தியார் பலகைக்கு முன்னால் நிற்கிற பிள்ளையின் குரல். கணீரென்று.

அவர் மாமாவைப் பார்த்தார். சகாயத்தின் சொல்படி, அன்றுதான் முதல்முறையாக ஒரு மனிதனை அவர் எடுத்த எடுப்பிலேயே நேராக முகத்தில் பார்த்தது. பிறகு சகாயத்தின் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார்.

தம்ளரில் வெந்நீர் ஆறிப்போயிருந்தது. குச்சியும் வீண். சகாயம் அதை எடுத்துச் சாணிக்குழியில் எறிந்துவிட்டு, நைட்ரஜன் கேனைத் தூக்கி மொபெட்டில் வைத்தாள்.

"ஒங்களுக்குக் காது கேக்குதுல்ல சார்?" என்றாள்.